சரியாயிடும்னு சொன்னாங்க

நுவரெலியா டவுனில் ஒரு சால்வைக் கடையில் நான் வேலை செய்தேன். கடைக்காரர் காஷ்மீர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஸ்ரீநகரில் அவருக்கு மனைவியும், கல்யாணமான ஒரே மகளும், வயதான அம்மாவும் இருந்தார்கள். வாலிபத்தில் கொடைக்கானலில் மாமாவின் கடையில் நின்றவர் என்பதால் தமிழ் பேசுவார். உயர்திணை அஃறிணை எல்லாம் இடம் மாறி விழும். என்னைத் தங்கச்சி என்பார். நான் மொதலாளி என்பேன். வெள்ளைக்காரர்கள் வந்தால் அவர் ஆங்கிலத்தில் பேசுவார், உள்ளூர்க்காரர்கள் வந்தால் நான் சிங்களத்தில் பேசுவேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஏப்ரல் சீசனுக்கு வந்திருந்த கூட்டம் அவசர அவசரமாக மலையை விட்டு இறங்கிப்போனது. முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகப் பலர் தயங்கினார்கள். ஒருநாள் பொலிஸ்காரர்கள் வந்து சால்வைக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துத் தரையில் போட்டார்கள். அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். நான் நடுவில் போய் நின்று, இவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுசர் என்று சிங்களத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர் வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும், "இந்தத் தங்கச்சிதான் என்னக் காப்பாத்துச்சு" என்று சொல்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

வழக்கமாக மே மாதம் கடையை என்னிடம் விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போய்விடுவார். அந்த வருடம் போகவில்லை. சீசன் வியாபாரம் படுத்துவிட்டது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். ராத்திரி எந்த நேரமானாலும் அவளோடு பேசிவிட்டுத்தான் படுப்பேன் என்று சொல்லுவார்.

ஒகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நான் எங்கள் தோட்டம் இருக்கும் இறம்பொடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கடை பாதிதான் திறந்திருந்தது. அவர் உள்ளே நின்று கைத்தொலைபேசியைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"போன் போக மாட்டேங்குது, தங்கச்சி."

"போன்ல ரீலோட் காசு முடிஞ்சிருக்கும் மொதலாளி."

"இல்ல. எல்லாருக்கும் போட்டுப் பாத்தாச்சு. பொண்டாட்டி, மருமகன், பக்கத்து வீடு. எங்கயுமே மணி அடிக்கல."

மத்தியானத்துக்குள் விசயம் தெரிந்துவிட்டது. காஷ்மீருக்கென்று இருந்த தனி அந்தஸ்தை டில்லி எடுத்துவிட்டது. மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள். தொலைபேசி, இன்டர்நெட் எல்லாவற்றையும் முதல்நாள் ராத்திரியே நிறுத்திவிட்டார்கள். அவர் அந்த அந்தஸ்தைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. "நாடு என்னாச்சுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றார். "என் பொண்ணு என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்க."

மறுநாளிலிருந்து தமிழ்ப் பத்திரிகையை நான் சத்தமாக வாசிக்க, அவர் கேட்பது என்று ஆகிவிட்டது. அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆங்கிலச் செய்தியை அவரே கைத்தொலைபேசியில் பார்க்கலாம், பார்த்தும் இருப்பார். ஆனாலும் நான் வந்து பையை வைத்ததும் கேட்பார்.

"இன்னைக்கு யாரு என்ன சொல்லிச்சு?"

'யாரு' என்றால் நாடுகள். வெளிநாடுகள் ஏதாவது கடுமையாகச் சொன்னால் போனையாவது திறந்து விடுவார்கள் என்று அவர் நம்பினார். நான் தேடித் தேடி வாசிப்பேன். அமெரிக்கா உன்னிப்பாகக் கவனித்துவருகிறதாம். ஒரு வளைகுடா நாடு, இது இந்தியாவின் உள்விவகாரம் என்றதாம். துருக்கிக்குக் கவலையாம். இன்னொரு நாடு, இரண்டு பக்கமும் நிதானமாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதாம். உலக நாடுகளெல்லாம் கூடுகிற சபையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அவர் தலையை ஆட்டுவார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து மகளின் எண்ணை அழுத்துவார்.

எங்கள் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் சொன்னதும் வந்திருந்தது. பிரித்தெடுக்கும் லடாக்கில் பௌத்தர்கள்தான் அதிகம், அதனால் அது நல்ல விசயம், மற்றபடி இது இந்தியாவின் சொந்த விசயம் என்ற மாதிரி. அதை வாசிக்கவா விடவா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் வாசித்தேன்.

"சிலோனும் சொல்லிச்சா?" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "நான் இங்கதான் இருக்கேன். கடைக்கு வரி கட்டுறேன். என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வேடிக்கையாகச் சொன்னாரா உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பத்திரிகையை மடித்தேன்.

இன்னொரு நாள் ஆளே வராத மத்தியானத்தில் அவர் கேட்டார். "கொடைக்கானல்ல உங்க ஆளுங்க இருக்காங்க. சிலோன்காரங்கன்னு சொல்லுவாங்க. இங்க உங்கள இந்தியாக்காரங்கன்னு சொல்றாங்க. அது எப்பிடி?"

நான் சொன்னேன். சுதந்திரம் வந்த கையோடு தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவந்த எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்ததையும், பிறகு இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டதையும் சொன்னேன். எங்கள் பெரியப்பா குடும்பம் அப்படி இந்தியாவுக்குப் போனதுதான். கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேற்றிவிடப் போன அப்பா, தன் அண்ணனைத் திரும்பப் பார்க்கவேயில்லை.

"அப்போ உங்களுக்கு எந்த நாடு பேசிச்சு?"

"ஒருத்தரும் பேசலங்க."

"ம்" என்றார்.  எங்களுக்கு நடந்ததைக் கேட்டு அவர் முகத்தில் வந்த வருத்தம் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் சந்தோசமாக இருந்தோம்.

எங்களுக்கு வீடு கிடைக்கப் போகிறது. அதுதான் சந்தோசம். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் இந்திய அரசாங்கத்தின் உதவியில் தனித்தனி வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். அதில் ஒன்று எங்களுக்கு. அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும் மட்டும்தான். அதுவரை இருந்தது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்தில்; காம்பரா என்று ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று சின்னத் திண்ணை. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் எங்கள் வீட்டில் இருமின மாதிரி கேட்கும். மழை வந்தால் அப்பா கட்டிலை இழுத்து இழுத்துப் போடுவார். அப்படி இருந்தவருக்கு இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் கக்கூசு, சுற்றிக் கொஞ்சம் நிலம். தினமும் சாயந்தரம் போய்ப் பூட்டிக்கிடந்த அந்த வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

நான் ராத்திரிச் சாப்பாட்டின்போது கடையில் நடப்பதைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பாவந்தான். ஆனா நீ அங்க இங்க பேசிக்கிட்டு இருக்காத."

"நான் என்னத்தப்பா பேசுறேன்? பேப்பர் வாசிக்கிறேன்."

"வீடு குடுக்குறவங்க அவங்க. இத்தன வருசத்துல நீங்க எப்பிடி இருக்கீங்கன்னு நம்மளக் கேட்டது அவங்கதான். அவங்க வீட்டு விசயம் நமக்கு வேணாம்."

அவர் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. வீடு கிடைக்கிறவர்களின் பெயரை வாசித்த அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீடு கையளிக்கும் நாள் ஒகஸ்ட் கடைசியில் வந்தது. இந்தியாவிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். வீடு கிடைக்கிறவர்கள் சார்பில் யாராவது நன்றி சொல்லவேண்டும். டவுனில் வேலை செய்கிறாள், தைரியமாகப் பேசுவாள் என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். அன்று லீவு கேட்க மொதலாளியிடம் இதைச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனதாரச் சந்தோசப்பட்டார். "வீடா? சொந்த வீடா?" என்று இரண்டு தடவை கேட்டார். உள்ளே போய் ஒரு கம்பள விரிப்பை எடுத்துவந்து, புது வீட்டில் அப்பா காலை வைக்க என்று சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பெரிய ஆளு உன்கிட்ட பேசுவாரா?"

"பேசலாம் மொதலாளி."

"நான் போய்க் கேட்டா வேற மாதிரி நினைப்பாங்க. அப்புறம் பாஸ்போர்ட், விசான்னு தொந்தரவு வரும். நீ கேளு. வேற ஒண்ணும் வேணாம். ஸ்ரீநகர்ல ஒரு பொண்ணு, புள்ள பெறப் போற நேரம். அவ எப்பிடி இருக்கான்னு அவ அப்பாவுக்குத் தெரியணும். அதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு மட்டும் கேளு."

கேட்கிறேன் என்றேன். பஸ்ஸில் போகும்போது அவர் சொன்ன அதே வார்த்தைகளை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நாள் வெயிலாக இருந்தது. மேடை போட்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். தலைவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "நன்றிய சொல்லிட்டு எறங்கிருங்க, வேற எதுவும் இழுத்துப் பேச வேணாம்" என்றார். நான் ஏறி நன்றி சொன்னேன். எழுதிக்கொடுத்ததைச் சொல்லவில்லை. அம்மா இந்த வீட்டைப் பார்க்காமல் போய்விட்டார் என்று சொன்னேன். கீழே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா சாவியை இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள். அதிகாரி என்னைத் தேடி வந்தார். தமிழர்தான். கறாரான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசினார்.

"நல்லா பேசினீங்கம்மா. பூர்வீகம் எந்த ஊரு?"

"துறையூர்ப் பக்கம்னு அப்பா சொல்லுவாருங்க ஐயா."

"அட, நான் முசிறிம்மா! பக்கத்துலதான். போயிருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"வாங்க ஒரு தடவை. உங்க ஊருதானே அது."

இதுதான் நேரம் என்று தெரிந்தது. நான் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. மகள், பிரசவம், தவிக்கும் அப்பா என்று ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு மாதிரி வந்தது.

"ஐயா, காஷ்மீர்ல எப்பங்க திரும்ப போன் வரும்? தெரிஞ்சவங்க ஒருத்தர் கேட்டாங்க."

கரண்ட் எப்போது வரும் என்று கேட்பது போலக் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. கோபப்படவும் இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் சரியாயிடும்மா. நீங்க எதுக்கு அதப் போட்டு மனசுல வச்சுக்கிறீங்க? நீங்க நம்ம ஆளுங்க. உங்களுக்கு நாங்க இருக்கோம்."

நம்ம ஆளுங்க. கள்ளத்தோணி என்றும், தோட்டக்காட்டான் என்றும், உங்க நாட்டுக்குப் போங்க என்றும் கேட்டு வளர்ந்தவள் நான். 'நம்ம' என்று ஓர் அரசாங்கத்து ஆள் என்னைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் வந்தது. அதை மறைக்க முடியாது. "சரிங்க ஐயா" என்று சொல்லி நானும் சிரித்தேன். அவர் அப்பாவோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் போனார். மொதலாளியின் மகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மறுபடி போய்க் கேட்டிருக்கலாம். ஜீப் கிளம்பும்வரை நேரம் இருந்தது. நான் போகவில்லை.

மறுநாள் கடையில் அவர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார்.

"கேட்டியா தங்கச்சி?"

"கேட்டேன் மொதலாளி. சரியாயிடும்னு சொன்னாங்க."

"அவரே சொல்லிச்சா? அந்தப் பெரிய ஆளே?"

"ஆமாங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கொடைக்கானலில் இருக்கும் மாமா மகனுக்குப் போன் போட்டார். காஷ்மீரியில் பேசினாலும் எனக்குப் புரிந்தது. அடுத்து கண்டியில் கடை வைத்திருந்த இன்னொரு ஊர்க்காரருக்கு. அதுவரை எத்தனையோ நாடுகள் எவ்வளவோ சொல்லியிருந்தன. மொதலாளி பிடித்துக்கொண்டது நான் கொண்டுவந்த இந்த ஒரு வாக்கியத்தைத்தான். விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரிடமும், "பெரிய ஆபீசர் தங்கச்சிகிட்ட நேரா சொல்லிருக்கு, சரியாயிடும்னு" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது சால்வையை எடுத்து மறுபடி மடிப்பேன்.

செப்டம்பரில் ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்ரீநகரில் சில இடங்களில் பழைய கம்பித் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மருமகன் யாரோ ஒருவர் வீட்டில் வரிசையில் நின்று பேசினாராம். மொதலாளி எழுந்து நின்றபடி பேசினார். சிரித்தார். பிறகு நாற்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"பொண்ணு பொறந்திருக்கு, தங்கச்சி" என்றார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கு."

"சந்தோசங்க மொதலாளி."

"என் அம்மா போயிட்டாங்க."

ஏற்கெனவே சுகமில்லாமல் இருந்தவராம். ஒகஸ்ட் நடுவிலேயே போய்விட்டாராம். அடக்கம் முடிந்து, நாற்பதாம் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்திலேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோட்டத்தில் அந்த அதிகாரி சரியாயிடும் என்று சொன்ன அன்றைக்கு அந்த அம்மா மண்ணுக்குள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் வேறு மாதிரிக் கேட்டிருந்தாலும் அந்த அம்மா திரும்பி வந்திருக்க மாட்டார். அந்த அதிகாரியால் ஒன்றும் செய்திருக்கவும் முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு மொதலாளி பக்கத்தில் தரையில் உட்கார எனக்குக் கூசியது. தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் கடையைக் கட்டிடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார். மிச்சச் சரக்கைக் கண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்திலேயே ஒரு பேக்கரியில் வேலை பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினார். "புது வீட்டுல மழைத்தண்ணி வருதா?" என்று கடைசியாகக் கேட்டார். வரவில்லை என்றேன். பிறகு கொரோனா வந்தது. எப்போதாவது பேத்தியின் படம் அனுப்புவார். நான் ஒரு பூப்படம் அனுப்புவேன்.

அதற்கும் பிறகு எங்கள் நாடு கடனில் விழுந்த வருடம் வந்தது. எண்ணெய் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. பேக்கரியில் மாவு இல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டார்கள். தோட்டத்தில் ஆட்கள் ஒரு நேரம் சாப்பிட்டார்கள். அப்போது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வாரம் ஒரு தடவையாவது வந்தது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? அப்பாவுக்கு மருந்து கிடைக்குதா?"

ஒருநாள் இப்படிக் கேட்டார். "எங்க நாட்டுலயிருந்து அரிசி அனுப்பிருக்காங்கன்னு டிவியில காட்டிச்சு. உங்களுக்கு வந்துச்சா?"

வந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த அரிசி மூட்டைகளைத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அவர் 'எங்க நாடு' என்று சொன்ன விதத்தில் எந்தக் கசப்பும் எனக்குக் கேட்கவில்லை. அல்லது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்கு மேல் என்னால் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மொதலாளி, அன்னைக்கு நான் சரியா கேக்கல. உங்க மகளப் பத்தி அவருகிட்ட சொல்லவே இல்ல. போன் எப்ப வரும்னு மட்டும் கேட்டேன். நீங்க நம்ம ஆளுங்கன்னு சொன்னாரு. நான் சிரிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

மறுமுனையில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

"தெரியும், தங்கச்சி. அன்னைக்கு உன் மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏங்க எல்லார்கிட்டயும் அதச் சொன்னீங்க?"

"வேற என்ன இருந்துச்சு சொல்றதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மருந்துக் கடையில் எந்த மாத்திரை கிடைக்கவில்லை என்று விசாரித்தார். கொழும்பில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அனுப்பிவைக்கச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அந்த அரிசியில்தான் உலை வைத்தேன். பருப்பு இல்லை. கொஞ்சம் ரசமும் தேங்காய்ச் சம்பலும் செய்தேன். அப்பா இரண்டாவது தடவையும் சோறு கேட்டார். நல்ல அரிசி, குழையவே இல்லை என்றார். போட்டேன். நானும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டேன்.